பாஸ்டியன் முகாம், 2012: காலியாக நின்ற கோபுரங்கள் (நிகழ்வு ஆய்வு)

ஒரே இரவில் 6 போர் விமானங்கள் போயின. ஒன்றுகூட வானத்தில் வைத்துச் சுடப்படவில்லை, எல்லாமே தரையில், வெயிலுக்காகப் போட்ட துணிக்கூரைகளுக்குக் கீழே நின்றவை. 2012 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிவாக்கில், ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாநிலப் பாலைவனத்தில் இருந்த பாஸ்டியன் முகாமின் வேலியை வெட்டிக்கொண்டு 15 தாலிபான் ஆட்கள் அமெரிக்க ராணுவச் சீருடையில் உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் 14 பேர் கொல்லப்பட்டு, ஒருவர் பிடிபட்டு, எல்லாம் அடங்கியபோது 6 ஹாரியர் விமானங்கள் எரிந்து முடிந்திருந்தன. இன்னும் 2 விமானங்களுக்குப் பெரிய சேதம். எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் 3 அழிந்திருந்தன, விமானங்களை நிறுத்தும் துணிக்கொட்டகைகள் 6 சேதமாகியிருந்தன. அமெரிக்க மரீன் படையைச் சேர்ந்த 2 பேர் இறந்தார்கள், அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் காயம்.

வியட்நாம் போருக்கு அப்புறம் ஒரே சம்பவத்தில் அமெரிக்கா இவ்வளவு போர் விமானங்களை இழந்ததில்லை என்று அப்போது பேசப்பட்டது. அதுவும் ஹாரியர். அந்த ரக விமானத்தைப் புதிதாகத் தயாரிப்பதை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள். பிரிட்டன் ஓய்வு கொடுத்த பழைய ஹாரியர்களை 2011-ல் அமெரிக்கா மொத்தமாக வாங்கியதே உதிரிபாகங்களுக்காகத்தான். பணம் கொடுத்தாலும் புதுசு கிடைக்காத பொருளைத்தான் அன்றிரவு இழந்தார்கள்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் தேசியச் சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், விமானத்தளக் காவல் பிரிவில் இருந்தவன் நான். இப்போது ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் பாதுகாவல் மேற்பார்வை வேலை. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், அவர்களில் பலர் கார்ட் டூட்டி பார்த்துப் பழகிய தேசியச் சேவையாளர்கள். எங்கள் பேச்சில் இந்தச் சம்பவம் அடிக்கடி வரும். வரும்போதெல்லாம் "தாலிபான் தந்திரமா வந்துட்டான்" என்பதோடு முடிந்துவிடும். அவர்கள் தயாராக வந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த விசாரணைகளைப் படித்தால் கதை வேறு பக்கம் போகிறது. அந்த வேலிக்குப் பொறுப்பு ஒருவர், வேலிக்கு உள்ளே நின்ற விமானங்களுக்குப் பொறுப்பு இன்னொருவர், இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக நின்று பார்க்க யாரும் இல்லை. தாக்கியவர்கள் புகுந்த இடைவெளி அதுதான் என்பது என் முடிவு.

(நம்முடைய தளங்களின் காவல் ஏற்பாடு பற்றி இதில் ஒரு வரி இருக்காது. கேட்கவும் வேண்டாம்.)

எப்படிப்பட்ட இடம்

2006 வாக்கில் பிரிட்டிஷ் படை கட்டிய முகாம் இது. மாநிலத் தலைநகரான லஷ்கர் கா நகரத்துக்கு வடமேற்கே, ஊர் இல்லாத, மரம் இல்லாத வெறும் பாலைவனத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். எவன் வந்தாலும் பல மைல் தூரத்திலேயே தெரியும் என்ற கணக்கு. அப்புறம் அமெரிக்க மரீன் படையினர் பக்கத்திலேயே லெதர்நெக் முகாமைக் கட்டினார்கள், ஆப்கான் ராணுவத்துக்கு ஷோராபக் முகாம் வந்தது, மூன்றும் ஒட்டி ஒரே ஊர் மாதிரி ஆகிவிட்டது. உச்சத்தில் அங்கே சுமார் 28,000 பேர் இருந்தார்கள். சுற்றுவேலியின் நீளம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நம் தீவின் கிழக்கு மேற்கு அகலமே சுமார் 50 கிலோமீட்டர்தான், அதை வைத்து அந்த வேலியை யோசித்துப் பாருங்கள். சாங்கியில் நடக்க ஆரம்பித்தால் ஜூரோங் தாண்டும்வரை வேலி, வேலி, வேலி. அதை ராத்திரி முழுவதும் மனிதக் கண்களால் பார்க்க வேண்டும்.

உள்ளே எல்லாம் இருந்தது. சொந்த ஆழ்துளைக் கிணறு, அந்தத் தண்ணீரை அங்கேயே பாட்டிலில் அடைக்கும் ஆலை, போர்க்காயங்களுக்குப் பெயர் போன மருத்துவமனை, பெரிய விமானங்கள் இறங்கும் நீண்ட ஓடுதளம், கப்பல் கொள்கலனுக்குள் ஒரு பீட்சா கடை. கோடையில் வெயில் 50 டிகிரியைத் தொடும், குளிர்காலத்து ராத்திரியில் தண்ணீர் உறையும். மண் நம் ஊர் மணல் மாதிரி இல்லை, முகப்பவுடர் போலப் பொடிப்பொடியான தூசி, அது துப்பாக்கிக்குள் போகும், மூக்குக்குள் போகும், ஹெலிகாப்டர் இறங்கினால் பத்தடியில் நிற்பவன் தெரியமாட்டான். முகாமின் உட்சுவர்கள் பெரும்பாலும் ஹெஸ்கோ எனப்படும் கம்பிவலைக் கூடைகள்தான். உள்பக்கம் கெட்டித்துணி வைத்து மண்ணை நிரப்பினால் குண்டு தாங்கும் சுவர். ஆனால் 40 கிலோமீட்டருக்கும் அப்படிச் சுவர் எழுப்ப முடியாது. பல இடங்களில் வெறும் கம்பிவேலி, சுருள் முள்கம்பி, நடுநடுவே கோபுரம், அவ்வளவுதான்.

இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொன்னவர் ஒரு சிப்பாய் இல்லை. அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர், இப்போது இங்கே கப்பல் பட்டறையில் வேலை, அதற்கு முன் இராக்கில் ஓர் அமெரிக்கத் தளத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் துணை ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடித்துக்கொண்டே நிறையச் சொல்லியிருக்கிறார். பாஸ்டியனில் அவர் இருந்ததில்லை. ஆனால் பாலைவனத் தளம் என்றால் அன்றாடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

"தம்பி, அங்க சண்டையவிட அலுப்புதான் பெருசு" என்பார். காலையில் வேலைக்குப் போகும்போது சோதனை, கைரேகை, கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்து உள்ளே விடுவார்கள். எந்த நிறத்துக்கு எந்த வாசல் என்று கணக்கு உண்டு. சிப்பாய்கள் துப்பாக்கியோடுதான் சாப்பிட வருவார்கள், வாசலில் மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் குழலைக் காட்டி உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, சாப்பிடும்போது நாற்காலிக்குக் கீழே வைப்பார்கள். ஒலிபெருக்கியில் ராக்கெட் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கான்கிரீட் பதுங்கிடத்துக்கு ஓட வேண்டும். முதல் வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம். சில மாதம் போனால் சூப்பை முடித்துவிட்டுப் போகலாமா என்று யோசிப்பார்களாம். அட்டையைப் பார்க்கும் காவல்காரரும் அப்படித்தான். "மொதல்ல மூஞ்சியப் பாப்பான், அப்புறம் அட்டையில போட்டோவப் பாப்பான், அப்புறம் கலரை மட்டும் பாப்பான்."

இந்த வரியை நான் என் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாஸ்டியனில் வந்தவர்கள் அமெரிக்கச் சீருடை போட்டு வந்ததற்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. பல நாட்டுப் படைகள், ஒப்பந்தக்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று 28,000 பேர் இருக்கும் ஊரில் யாரும் யாரையும் முகத்தால் அறிய முடியாது. இருட்டில் சீருடை ஒன்றே அடையாளம்.

அந்த இரவு

நிலவு கிட்டத்தட்ட இல்லாத இரவு அது. தேதியை அவர்கள் சும்மா பொறுக்கவில்லை. தாலிபான் பின்னால் வெளியிட்ட காணொளியில், முகாமின் வரைபடத்தை வைத்து இந்த ஆட்களுக்குப் பாடம் நடத்துவது தெரிகிறது. விமானங்கள் எங்கே நிற்கின்றன, எரிபொருள் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வந்ததும் ஐந்தைந்து பேராக மூன்று குழுவாகப் பிரிந்தார்கள். கையில் தானியங்கித் துப்பாக்கி, ஆர்பிஜி எனப்படும் ராக்கெட் எறிகுண்டு, கையெறி குண்டு, சிலரிடம் தற்கொலை அங்கி.

வேலி வெட்டப்பட்டது யாருக்கும் தெரியவில்லை. விமானங்கள் நிற்கும் இடத்தில் வெடித்து நெருப்புக் கிளம்பிய பிறகுதான் தளம் விழித்தது. நாற்பது கிலோமீட்டர் வேலியின் வேலையே நேரம் வாங்கித் தருவதுதான். எந்த வேலியும் எவனையும் கடைசிவரை தடுக்காது. வெட்டுகிறான் என்று தெரிந்தால் உள்ளே இருப்பவனுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், அந்தப் பத்து நிமிடத்தில் விளக்கைப் போடலாம், ஆளை ஓடவிடலாம், விமானங்களுக்கு முன்னால் நாலு துப்பாக்கியை நிறுத்தலாம். பாஸ்டியனில் அந்த நேரம் கிடைக்கவே இல்லை.

ஹாரியர்களை வைத்திருந்த படைப்பிரிவு விஎம்ஏ-211. அதன் தளபதி லெஃப்டினன்ட் கர்னல் கிறிஸ்டோபர் ரேபிள், வயது 40. சத்தம் கேட்டதும் கையில் ஒரு கைத்துப்பாக்கியோடு தன் ஆட்கள் இருந்த பக்கம் போனார். அங்கே குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். இன்னொருவர் சார்ஜன்ட் பிராட்லி அட்வெல், வயது 27, விமானப் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர். அன்றிரவு முதலில் எதிர்த்து நின்றவர்களில் பலர் காலாட்படைக்காரர்கள் இல்லை, விமானத்துக்கு ஸ்பேனர் பிடிப்பவர்கள், விமானிகள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் இரவுப்பணியில் இருந்தவர்களும் கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, எவன் நம்மாள் எவன் எதிரி என்று தெரியாத இருட்டில் சுட்டார்கள். மரீன் படையில் சமையல்காரர் ஆனாலும் மெக்கானிக் ஆனாலும் முதலில் துப்பாக்கிக்காரர்தான் என்று பழக்குவார்கள், அது அன்றைக்குப் பல உயிர்களைக் காப்பாற்றியது.

ஓடுதளப் பக்கத்துக் காவலுக்குப் பொறுப்பாக இருந்தது பிரிட்டிஷ் ஆகாயப்படையின் ரெஜிமென்ட் பிரிவு, 51-வது ஸ்குவாட்ரன். தளத்தைக் காப்பதற்கென்றே உள்ள பிரிவு அது. அவர்கள் வண்டிகளோடு வந்து சேர்ந்து மரீன்களோடு கைகோத்துப் போரிட்டார்கள். மேலே அமெரிக்க, பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்கள் தீவட்டிபோல எரியும் எரிபொருள் கிடங்குகளுக்கு நடுவே கிளம்பின. ஒவ்வோர் ஆளாகத் தேடி முடிக்கப் பல மணி நேரம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி அப்பாச்சி ஹெலிகாப்டர் விமானியாக அதே முகாமில் இருந்தார். உலகச் செய்திகள் முழுக்க அவரைச் சுற்றியே ஓடின. நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த விவரம் ஒன்றுக்கும் உதவாது, அதனால் இதோடு விடுகிறேன்.

24 கோபுரங்களில் 11

இனி மையமான விஷயம். அமெரிக்க விசாரணையை ராணுவத்தின் லெஃப்டினன்ட் ஜெனரல் வில்லியம் காரெட்டும் மரீன் படையின் மேஜர் ஜெனரல் தாமஸ் மர்ரேயும் நடத்தினார்கள். பாஸ்டியன் பக்கத்து வேலியில் 24 காவல் கோபுரங்கள் இருந்தன, அன்றிரவு அவற்றில் 11-ல்தான் ஆள் இருந்தார்கள். வெட்டப்பட்ட இடத்துக்கு அருகில் இருந்த 17-ஆம் எண் கோபுரம் காலி.

கோபுரங்களில் நின்றவர்கள் டோங்கா நாட்டுச் சிப்பாய்கள், பிரிட்டிஷ் ஏற்பாட்டின் கீழ் வந்தவர்கள். சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் மேல் நிறையப் பேர் விரல் நீட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தக் கோபுரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. பசிபிக் தீவிலிருந்து வந்து பாலைவனத்தில் ராத்திரி முழுக்க நிற்கும் சிப்பாய், தனக்குக் கொடுத்த கோபுரத்திலிருந்து தெரிவதைத்தான் பார்க்க முடியும். பக்கத்துக் கோபுரம் காலியாக இருந்தால் நடுவில் இருக்கும் பள்ளம் மேடு அவன் கண்ணுக்குத் தெரியாது. கார்ட் டூட்டி பார்த்த எவருக்கும் இது புரியும்.

அப்படியானால் காலியாக விட்டது யார்? இங்கேதான் அந்த இரட்டைப் பொறுப்பு வருகிறது. பாஸ்டியன் பக்கத்து வேலியும் கோபுரமும் பிரிட்டிஷ் பொறுப்பு. லெதர்நெக் பக்கம் மரீன் பொறுப்பு. ஆனால் மரீன்களின் ஹாரியர்கள் நின்றது பாஸ்டியன் பக்கம், ஏனென்றால் ஓடுதளம் அங்கே. ஆக அமெரிக்க விமானம், பிரிட்டிஷ் வேலி, டோங்கா காவலர். முழுப் பகுதிக்கும் மேல் தளபதி அமெரிக்க மரீன் மேஜர் ஜெனரல் சார்ல்ஸ் குர்கானஸ். விமானப் பிரிவுக்கு மேஜர் ஜெனரல் கிரெக் ஸ்டர்டெவன்ட். வேலியைப் பிரிட்டிஷ்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விமானப் பிரிவு நம்பியது. அந்த நம்பிக்கையில் விமானங்களைச் சுற்றி உள்ளே இன்னோர் அடுக்குக் காவலைப் போடவில்லை. வேலியைத் தாண்டினால் விமானம்வரை வேறு தடை இல்லை.

இரண்டு படைகளும் சோம்பேறிகள் என்று நான் சொல்லவரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொரு தரப்பின் வரைபடத்திலும் தன் பகுதி பாதுகாப்பாகத்தான் தெரிந்திருக்கும். என் வேலையிடத்தில் இதையே சின்ன அளவில் தினமும் பார்க்கிறேன். கட்டடத்துக்கு ஒரு நிறுவனம், வாகன நிறுத்துமிடத்துக்கு இன்னொரு நிறுவனம், சரக்கு ஏற்றி இறக்கும் வாசலை வாடகைக்கு இருப்பவர் பார்க்கிறார். மூன்று பேரிடமும் தனித்தனிப் பதிவேடு உண்டு, மூன்றும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கும். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் பின்கதவு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

ஆள் குறைவும் உண்மை. அமெரிக்கா கூடுதலாக அனுப்பியிருந்த 33,000 படையினரை 2012 செப்டம்பருக்குள் திரும்ப எடுக்கும் திட்டம் அப்போது முடிகிற கட்டத்தில் இருந்தது. ஹெல்மண்டில் மரீன்கள் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. போகிறவர்களில் காவல் ஆட்களும் அடக்கம், ஆனால் வேலியின் நீளம் குறையவில்லை. குர்கானஸ் கூடுதல் ஆள் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ரோந்தும் குறைந்தது. மூட்டை கட்டும் காலத்தில் தளம் ரொம்பப் பலவீனமாக இருக்கும், ஏனென்றால் எல்லார் கவனமும் என்ன அனுப்புவது, எப்போது போவது என்பதில் இருக்கும்.

கண் உள்பக்கம் திரும்பியது

அதே 2012 மார்ச் 14 அன்று, அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் லியோன் பனெட்டாவின் விமானம் பாஸ்டியனில் இறங்கும் நேரத்தில், ஓர் ஆப்கான் மொழிபெயர்ப்பாளர் திருடிய வண்டியோடு ஓடுதளப் பகுதிக்குள் பாய்ந்தார். தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு பின்னர் இறந்தார். அந்த வருடம் முழுக்க ஆப்கானிஸ்தானில் ஆப்கான் சீருடை போட்டவர்கள் கூட்டணிப் படையினரைச் சுட்ட சம்பவங்கள் வரிசையாக வந்தன. அதனால் தளபதிகளின் கவலை முழுக்க உள்ளே இருப்பவன் மேல் போயிற்று. யாரை நம்புவது, யார் கையில் துப்பாக்கி, யார் எந்த வாசலில் வருகிறான். அது நியாயமான பயம், அந்தப் பயத்தால் சில உயிர்கள் தப்பியும் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் பார்க்கும் கண் மறுபக்கம் பார்க்காது. வெளியிலிருந்து வேலியை வெட்டிக்கொண்டு பெரிய குழு வரும் என்பதை அவர்கள் நடக்கக்கூடிய ஒன்றாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தற்காப்புக் குழு 2014-ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் பிடித்தது: வெளியிலிருந்து வரும் தாக்குதலிலிருந்து தளத்தைக் காக்கும் அடிப்படை வேலைக்குப் போதிய கவனம் கொடுக்கப்படவில்லை.

இத்தனைக்கும் வேலி அறிகுறி காட்டிக்கொண்டுதான் இருந்தது. பழைய இரும்பு பொறுக்கும் உள்ளூர் ஆட்கள் வேலியை வெட்டி உள்ளே வந்துபோன சம்பவங்கள் முன்பே நடந்திருக்கின்றன. பொறுக்க வந்தவன்தானே என்று விட்டார்கள். ஆனால் வேலிக்கு அவன் யார் என்று தெரியாது. இரும்பு பொறுக்குகிறவன் கண்ணில் படாமல் வர முடிகிற இடத்தில் ஆர்பிஜி தூக்குகிறவனும் வர முடியும். எனக்கு இந்த ஒரு விவரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட வலிக்கிறது, ஏனென்றால் இதற்கு உளவுத்தகவல் வேண்டாம், கூடுதல் பணம் வேண்டாம், வெட்டிய இடத்தில் நின்று "இவன் எப்படி வந்தான்" என்று கேட்டிருந்தால் போதும்.

அப்புறம் பயிர். யாருமே இல்லாத பாலைவனம் என்று தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றி, முகாம் வளர வளர ஆட்கள் வந்தார்கள். கிணறு போட்டார்கள், அபின் செடி போட்டார்கள், வேலிக்குப் பக்கம்வரை விவசாயம் வந்துவிட்டது. வயலில் குனிந்து நிற்பவர் விவசாயியா, விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எண்ணுபவரா என்று கோபுரத்திலிருந்து எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ரோந்து, ஒரே கோபுரத்தில் ஆள் மாற்றம், அதே கோபுரம் மறுபடி காலி. வெளியே பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அதுவே வரைபடம்.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை

அன்றாட நடமாட்டத்தை வைத்துத் திட்டம் போடுவது என்றால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஈசூன் நினைவுக்கு வர வேண்டும். 2001 கடைசியில் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் ஆட்கள் இங்கே கைதானார்கள். செம்பவாங் பக்கத்திலிருந்து ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அமெரிக்கப் படையினரை ஏற்றிவரும் பேருந்தைத் தாக்குவது அவர்களுடைய திட்டங்களில் ஒன்று. அந்த இடத்தை வேவு பார்த்து எடுத்த காணொளி கிடைத்தது எங்கே தெரியுமா, ஆப்கானிஸ்தானில், அல்காயிதா தலைவர் ஒருவரின் இடிந்த வீட்டில். பாய லேபார் விமானத்தளத்தையும் அவர்கள் வேவு பார்த்திருந்தார்கள் என்று அரசாங்கம் வெளியிட்டது. ஆனால் ஈசூன் திட்டத்தில் தளத்தின் வாசலை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சிப்பாய் சாதாரணமாக, குடும்பத்தோடு, கையில் கடைப்பையோடு வந்து நிற்கும் இடத்தைத்தான் பார்த்தார்கள். நானும் என் நண்பர்களும் அதே நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வந்து இறங்கியவர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007 முதல் 2013 வரை சிங்கப்பூர் ஆயுதப்படையிலிருந்து மொத்தம் 492 பேர் ஆப்கானிஸ்தான் போய்வந்தார்கள். அவர்களில் ஒரு குழு உருஸ்கான் மாநிலத்தில் டாரின் கவுட் தளத்தில் ராக்கெட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆர்தர் ரேடாரை இயக்கியது. ஹெல்மண்டுக்குப் பக்கத்து மாநிலம்தான் அது. ராக்கெட் விழுவதற்குள் தளத்தில் இருப்பவர்கள் பதுங்கச் சில வினாடிகள் வாங்கித் தருவதே அந்த ரேடாரின் வேலை. நம்மவர்கள் பார்த்தது மேலிருந்து வருவதை, பாஸ்டியனில் தவறியது தரையில் நடந்து வருவதை. இரண்டிலும் வாங்க வேண்டிய பொருள் நேரம்தான்.

யார் கணக்குக் கொடுத்தார்கள்

தாக்குதலுக்குப் பிறகு கோபுரங்களுக்கு ஆள் வந்தது, காவல் ஏற்பாடு மாறியது. 2013 செப்டம்பர் 30 அன்று மரீன் படைத் தலைவர் ஜெனரல் ஜேம்ஸ் ஏமஸ், குர்கானஸ், ஸ்டர்டெவன்ட் இருவரையும் ஓய்வுபெறச் சொன்னார். போர்க்களத்தில் காவல் தவறியதற்காக இரண்டு ஜெனரல்கள் வீட்டுக்குப் போவது அமெரிக்காவில் மிக அபூர்வம். பிரிட்டிஷ் பக்கம் யார் மீதும் நடவடிக்கை இல்லை. முகாமே 2014 அக்டோபரில் ஆப்கான் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு மூத்த மேற்பார்வையாளர், முன்னாள் ராணுவ சார்ஜன்ட், இதில் எனக்கு நேர் எதிர். "ஆளைக் கேட்டாரு, குடுக்கல. அப்புறம் அவரை அனுப்பினா எப்படிங்க?" என்று கேட்பார். குர்கானஸைப் பலிகொடுத்துவிட்டு ஆளைக் குறைத்தவர்கள் தப்பித்தார்கள் என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது, 24 கோபுரத்துக்கு 11 கோபுரத்தின் ஆளைக் கொடுத்துவிட்டு முழுக் காவல் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் மீதிப் பாதியில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆள் குறைந்தால் எந்தக் கோபுரத்தைக் காலியாக விடுவது என்ற முடிவு அப்போதும் ஒருவர் கையில்தான் இருக்கிறது. விமானங்களுக்கு நேர் எதிரே இருக்கும் கோபுரமும் காலிப் பட்டியலில் இருந்தது என்றால், வேலியைப் பார்த்தவரும் விமானத்தைப் பார்த்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படிக்கவில்லை என்று அர்த்தம். இரவில் தினமும் வேறு வேறு நேரத்தில் விமானங்களைச் சுற்றிவர ஒரு வண்டியையும் நான்கு மரீன்களையும் விடப் புதிய படை எதுவும் தேவைப்பட்டிருக்காது. அப்படி உட்கார வைக்க முயல வேண்டிய பொறுப்பு குர்கானஸுக்கு இருந்தது. அவருக்குக் கிடைக்காமல் போன ஆட்களைப் பற்றி யார் மேல் வேண்டுமானாலும் கோபப்படலாம். ஆனால் 17-ஆம் கோபுரத்துக்கும் ஹாரியர்களுக்கும் நடுவே ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் போனதற்கு அவரும் ஸ்டர்டெவன்டும் பதில் சொல்ல வேண்டியவர்கள், அவர்களோடு அந்த வேலியை வைத்திருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளும் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டும்.